நான் ஒரு தவணை படித்த பள்ளிக்கூடம்

மலர்க்குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழிகளே,

நம் பள்ளிக்கூடத்தின் ஆண்டு நிறைவு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருந்தீர்கள். தலைப்பையும் நீங்களே தந்துவிட்டீர்கள்: ‘உங்கள் பிள்ளைக்கு ஏற்ற பாடசாலையைத் தெரிவு செய்வது எப்படி?’ என் படத்தைப் பெரிதாகப் போட்டு, அதன் கீழே ‘எமது பாடசாலை உருவாக்கிய கணித விரிவுரையாளர்’ என்று அச்சிடப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். நாலைந்து மாதம் தட்டிக் கழித்துக்கொண்டிருந்த நான், அந்த அடிக்குறிப்பைக் கண்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் திகதிகளைக் குறித்துவைக்கும் பழக்கமுள்ளவள். உங்கள் பாடசாலை என்னை உருவாக்கிய காலம் 1985 தையில் தொடங்கி அதே ஆண்டு சித்திரையில் முடிந்தது. ஒரு தவணை. அதற்குள் என்ன உருவாக்கினீர்கள் என்பதைச் சொல்ல வேண்டுமானால், அதற்கு முந்தின மாரி காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் நடக்கிற பேச்சையும் நான் வாசிக்காமல் இல்லை. ஒருத்தியின் பேரனுக்குப் பார்த்த பள்ளிக்கூடத்தில் நீச்சல் தடாகம் இருக்கிறது. இன்னொருத்தியின் மகளுக்குப் பார்த்ததில் குதிரை ஓட்டப் பழக்குகிறார்கள். வகுப்பறைக்கு ஏசி, பஸ்ஸுக்கு ஏசி, காலைச் சாப்பாட்டுக்கு மூன்று வகை. இவ்வளவு காலம் கழித்தும் நம்முடைய சனம், அன்றைக்கு எனக்குப் பள்ளிக்கூடம் பார்த்த என் பெரிய மாமாவைத் தாண்டி ஓர் அடி போகவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாகவும் இல்லை.

1983 ஆடிக் கலவரத்தில், தெற்கே ஒரு பட்டினத்தில் இருந்த அப்பாவின் பலசரக்குக் கடை எரிந்தது. கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கி, அங்கிருந்து புங்குடுதீவில் இறுப்பிட்டிக்குப் போனோம். அங்கே அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு இருந்தது. அதுவரை விடுமுறைக்கு மட்டும் போய் இளநீர் குடித்துவிட்டு வந்த வீடு. அப்போது எனக்குப் பதினொரு வயது. தெற்கில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், கணக்கு வராத பிள்ளை என்று என்னைப் பின் வாங்கில் இருத்தியிருந்தார்கள். அந்தப் பட்டத்தையும் கப்பலில் ஏற்றிக்கொண்டுதான் வந்தேன்.

ஊர்ப் பள்ளிக்கூடம் ஒரே நீள மண்டபம். பாதிக்கு ஓடு, பாதிக்குத் தகரம். வகுப்புகளுக்கிடையில் சுவர் கிடையாது. ஆறாம் வகுப்பின் சமயபாடம் எட்டாம் வகுப்பின் சரித்திரத்துக்குள் வந்து விழும். மணிக்குப் பதிலாக, முற்றத்துப் பூவரசில் ஒரு கை முறிந்த பழைய வள்ளத்து நங்கூரம் தொங்கியது. இரும்புத் துண்டால் அதை அடிப்பார்கள். அந்தச் சத்தம் குறிகட்டுவான் இறங்குதுறை வரை கேட்கும் என்று ஊரார் பெருமை பேசுவார்கள். அது பொய். வேலிக்கு வெளியே பாதிப்பேருக்குக் கேட்காது. பிந்தி வருகிறவர்கள் சொல்லும் நியாயமும் அதுதான்.

கணக்கு ரீச்சர் எங்களோடு அதே கப்பலில் வந்தவர். கையில் ஒரு கறுப்புக் குடையோடு, யாருடனும் பேசாமல், தளத்தின் ஓரத்தில் நின்றது எனக்கு ஞாபகம். சொந்த ஊர் புங்குடுதீவுதான். ஆனால் தெற்கே ஒரு பெரிய பெண்கள் பாடசாலையில் பல வருடம் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவர். கலவரத்தால் பெயர்ந்து வந்த ஆசிரியர்களை அவரவர் ஊருக்குப் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடங்களில் தற்காலிகமாக இணைத்தார்கள். அப்படித்தான், உயர்தர வகுப்பே இல்லாத ஒரு தகரக் கொட்டகைக்கு அவர் வந்து சேர்ந்தார். அதே காலத்தில், தீவுக்கு அக்கரையில் இருந்த பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடங்களின் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு மூன்று வருடம் படிப்பு இருந்த இடம் மாறிவிட்டது. சனம் பார்த்துக்கொண்டிருந்த இடம் மட்டும் மாறவில்லை.

ரீச்சர் அன்பானவர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சிரித்து நான் கண்டது குறைவு. சரியான விடையோடு போனாலும், “விடை சரி. ஆனா நீ செய்யேல்லை, அதுவா வந்தது” என்று கொப்பியைத் திருப்பித் தருவார். ஒவ்வொரு வரிக்கும் ‘ஏன்’ சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த வரிக்குப் போக விடமாட்டார். முதல் தவணையில் அவரை நான் மனதார வெறுத்தேன்.

1984 கார்த்திகையில் ஒரு நாள், பாடம் தொடங்கும் நேரத்துக்கு மழை பிடித்தது. தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவள் பேசுவதும் கேட்காது. மற்ற வகுப்புகளில் ஆசிரியர்கள் கதிரையில் சாய்ந்துவிட்டார்கள். ரீச்சர் கரும்பலகையில் ஓர் இருசமபக்க முக்கோணம் கீறினார். ஒன்றும் எழுதாமல் வெண்கட்டியை எங்கள் பக்கம் நீட்டினார். யாரும் எழும்பவில்லை. நான் ஏன் எழும்பினேன் என்று இன்றைக்கும் தெரியாது. உச்சியிலிருந்து ஒரு கோட்டை இறக்கி, ஒரு வரி எழுதினேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். நியாயத்தை எழுதினேன். கேள்விக்குறியை அழித்தார். அடுத்த வரி, அடுத்த கேள்விக்குறி. ஈரமண் வாசனை உள்ளே வந்தது. தூவானம் பட்டுக் கரும்பலகையின் ஒரு பக்கம் கரைந்தது. இன்னொருத்தி ஓடி வந்து பாவாடையால் அதைத் துடைத்தாள். அடிக்கோணங்கள் இரண்டும் சமம் என்று, ஒரு சொல் பேசாமல் நிறுவி முடித்தோம். முடிந்ததும் அவர் என் காதுக்குக் கிட்டக் குனிந்து சொன்னது இதுதான்: “வெண்கட்டிக் கையை உடுப்பிலை துடையாதை.”

அன்றைக்குத்தான் எனக்குக் கணக்கு விளங்கியது. மழை விட்ட பிறகு வீட்டுக்கு ஓடிப் போய் அப்பாவிடம் மட்டும் சொன்னேன், எத்தனை பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாலும் இனி நான் போகமாட்டேன், எனக்கு இந்த ரீச்சர் போதும் என்று. அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரிய மாமா, அம்மாவின் தமையன், பட்டணத்தில் ஒரு கந்தோரில் வேலை. எங்கள் குடும்பத்தில் உள்நாட்டில் மாதச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் என்பதால் எல்லாவற்றிலும் கடைசிச் சொல் அவருடையது. மார்கழி விடுமுறை தொடங்கியதும் அவர் வந்து முன் விறாந்தைக் கதிரையில் இருந்து, என்னைப் பட்டணத்தில் சேர்ப்பதற்காகத் தான் பார்த்துவந்த பள்ளிக்கூடங்களை விபரித்தார். ஆள் உயரத்துக்கு மேலே மதில். மேல்மாடி. மாடிப்படிக்குத் தேக்கு மரக் கைபிடி. மண்டபத்தில் ஒரு பியானோ. விளையாட்டுப் போட்டிக்கு பாண்ட் வாத்தியம். மேல்மாடி இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்த பெண்ணை நாளைக்கு ஒரு நல்ல இடத்தில் கேட்கமாட்டார்கள் என்பது அவருடைய துணிபு. நங்கூரம் அடித்துக் கூப்பிடுகிற பள்ளிக்கூடத்தில் படித்தவளை மீன் வாடிக்காரன்தான் கேட்பான் என்றார்.

இரண்டு பள்ளிக்கூடங்கள் கடைசிச் சுற்றுக்கு வந்தன. ஒன்று சேர்ச்சோடு சேர்ந்தது, மற்றது சைவப் பள்ளிக்கூடம். இரண்டுக்கும் நடுவில் தீர்ப்புச் சொன்னது விடுதிக் குசினி. ஒன்றில் வெள்ளிக்கிழமையும் மீன், இறைச்சி என்று மச்சம் சமைப்பார்களாம். மற்றதில் சட்டியே சைவமாம். வருடம் முழுவதும் மீனும் கணவாயுமாகச் சாப்பிட்டு வளர்ந்த தீவுச் சனம், ஒரு பள்ளிக்கூடத்தின் தராதரத்தை அதன் சட்டியை வைத்து ஒரு பின்னேரம் முழுக்க நிறுத்துக்கொண்டிருந்தது. அப்படித்தான் உங்கள் பாடசாலை வென்றது. இதை மலரின் வரலாற்றுப் பகுதியில் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கணக்குக்கு அங்கை ஆர் இருக்கினம், மச்சான்?”

“இதென்ன கேள்வி?” என்றார் மாமா. “அது பெரிய பள்ளிக்கூடம். அங்கை ஆள் இல்லாமலோ?”

அப்பா தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார். 

அபிப்பிராயம் கேட்பதற்காக ஊர்ப் பள்ளிக்கூட அதிபரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் பலகாரத்தைச் சாப்பிட்டு, கையைத் துடைத்துவிட்டு, “கெட்டிக்காரப் பிள்ளை. இங்கை வைச்சிருந்து பழுதாக்காதேங்கோ” என்றார். தன் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார். அவருடைய சொந்த மகள் உங்கள் பாடசாலையில், உங்கள் விடுதியில் இருந்தாள். தான் நடத்துகிற கடையில் தானே சாமான் வாங்காத ஒருவரிடம் போய் விசாரித்தால் வேறென்ன மறுமொழி கிடைக்கும்?

நான் குசினி வாசலில் நின்று, இங்கேயே படிக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். என்னை யாரும் கேட்கவில்லை என்று மாமா ஞாபகப்படுத்தினார். அம்மாவுக்கு என்னை அனுப்ப மனமில்லை, தமையனை மறுக்கவும் துணிவில்லை. நயினாதீவு அம்மனிடம் பூக்கட்டிப் பார்ப்போம் என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை குறிகட்டுவானிலிருந்து வள்ளம் ஏறினோம். வாடைக் காற்றில் அலை பலகைக்கு மேலால் வந்து மடியில் விழுந்தது. மாமாவின் ஐந்து வயது மகள் முழு வழியும் சத்தி எடுத்தாள். பூப்பொட்டலத்தை எடுப்பதற்காக அவளைக் கூட்டிப் போனோம். குழந்தை எடுத்தால்தான் அது அம்மன் வாக்கு.

சிவப்பு வந்தால் ஊரில் படிப்பு, வெள்ளை வந்தால் பட்டணம் என்று பேசிக்கொண்டார்கள். ஐயர் செவ்வரத்தம்பூ ஒன்றையும் நந்தியாவட்டைப் பூ ஒன்றையும் வாழையிலைத் துண்டுகளில் மடித்து, அம்மன் பாதத்தில் வைத்துக் கொண்டுவந்தார். குழந்தை ஒன்றை எடுத்தாள். சிவப்பு.

 அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாமா குழந்தையின் கையைப் பார்த்தார். இடக்கையால் எடுத்துவிட்டாளாம், அது செல்லாதாம். ஐயர் மறுபடி மடித்து வைத்தார். இந்த முறை மாமா அவளுடைய இடக்கையைத் தன் கையில் பிடித்துக்கொண்டார். குழந்தை வலக்கையால் எடுத்தாள். சிவப்பு.

 கேட்ட முறையே பிழை என்றார் மாமா. ‘ஊரில் வைக்கலாமா’ என்று நினைத்துக்கொண்டு கேட்டதால் அம்மன் ‘வை’ என்கிறாவாம். ‘பட்டணத்துக்கு அனுப்பலாமா’ என்று கேட்க வேண்டுமாம். மூன்றாம் தரம் வெள்ளை வந்தது.

“பாத்தியளே,” என்றார் மாமா. “இதுதான் வாக்கு.”

ஐயர் தட்டைக் கையில் எடுத்தபடி சொன்னார்: “மூண்டாந்தரம் சொன்னதுதான் வாக்கெண்டா, முதல் ரெண்டு தரமும் அம்மனை ஏன் கரைச்சல் படுத்தினீங்கள்?”

மாமா சிரித்தார். ஐயர் பகிடி விடுகிறார் என்று நினைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி உங்கள் பாடசாலை. தை மாதம், புது வெள்ளைச் சட்டை, தகரப் பெட்டி. மேல்மாடி இருந்தது. கைபிடியும் தேக்குத்தான்; தொட்டுப் பார்த்தேன். பியானோ பூட்டியிருந்தது, திறப்பு விடுதிப் பொறுப்பாளரிடம் என்றார்கள். அந்தத் தவணையில் அதன் மூடி திறந்து யாரும் கண்டதில்லை. விடுதியில் பருப்பும் பூசணிக்காயும், மறுநாள் பூசணிக்காயும் பருப்பும். சட்டி நிச்சயமாகச் சைவம்தான்.

கணக்குக்கு யாரும் இல்லை.

கணக்குப் படிப்பித்தவர் முந்தின ஆவணியில் வெளிநாடு போய்விட்டார் என்றார்கள். வேறொருவர் வருவார் என்றார்கள். ஒவ்வொரு நாளும் கணக்குப் பாடநேரத்தில் வாயில் விரல் வைத்து இருந்தோம். யார் பேசினாலும் வகுப்புத் தலைவி கரும்பலகையில் பெயர் எழுதுவாள். என் பெயரும் எழுதப்பட்டது. எழுதியவள் மலர்க்குழுவில் இருக்கிறாள், அவளுக்கும் ஞாபகம் இருக்கும். அந்தத் தவணை முழுவதும் கணக்கு நேரத்தில் அந்தக் கரும்பலகையில் எழுதப்பட்டது எங்கள் பெயர்கள் மட்டும்தான்.

எனக்குப் பக்கத்தில் ஊர் அதிபரின் மகள் இருந்தாள். ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அவளுடைய கணக்குக் கொப்பியில் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும் இருந்தது. இது எப்படிச் சரிவரும் என்று அவளைக் கேட்டேன்.

“அப்பா சொன்னவர், பெரிய பள்ளிக்கூடத்திலை இருந்தாலே படிப்பு ஒட்டுமாம்,” என்றாள்.

அவள் நம்பினாள். நான் மேல்மாடி விறாந்தையில் நின்று பஸ் போகிற திசையைப் பார்ப்பேன். மழையில் எழுதிய அந்த வரிகளைத் தினமும் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். மாசி முடிவில் ஒரு நாள் நடு வரி ஒன்று வரவில்லை. விடுதிக் கட்டிலில் முகத்தை மூடிக்கொண்டு அழுதது அன்றைக்குத்தான். பூசணிக்காய்க்காக அழுகிறேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். இடையிடையே, இராணுவம் இருந்த கோட்டைப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால் விடுதியைப் பூட்டி எங்களை வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்தக் கோட்டையைக் கடந்துதான் தீவுக்கு வழி. மதிலின் உயரத்தைப் பார்த்து வந்த மாமாவுக்கு அந்த வழி கண்ணில் படவில்லை.

சித்திரை விடுமுறைக்கு நான் வந்து சேர்ந்த மறுநாள், மாமாவும் தன் மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு பட்டணத்திலிருந்து வந்தார். மகன் பட்டணத்தில் ஆண்களுக்கான ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தான். அந்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை. அங்கேயும் கணக்குக்கு ஆள் போய்விட்டது. தவணைப் பரீட்சையில் அவன் எடுத்த புள்ளியை மாமா எங்களுக்குச் சொல்லவில்லை. அறிமுகத்துக்காக அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு, மகனோடு கணக்கு ரீச்சர் வீட்டுக்குப் போனார்.

ரீச்சர் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டும் நிறுத்தவில்லை. மாமா வாழைப் பாத்தியில் சப்பாத்து நனையாமல் நிற்க இடம் தேடினார்.

“ரீச்சர், மகனுக்குக் கொஞ்சக் காலம் கணக்குச் சொல்லித் தரவேணும். சனி, ஞாயிறிலை நானே கூட்டிக்கொண்டு வாறன்.”

“ஏன், அவர் பெரிய பள்ளிக்கூடத்திலையெல்லோ?”

“அங்கை இப்ப ஆள் இல்லை, ரீச்சர்.”

ரீச்சர் சீலையை முறுக்கிப் பிழிந்தார். தண்ணீர் மாமாவின் சப்பாத்துப் பக்கம் ஓடியது.

“அப்ப நயினாதீவுக்குப் போய்ப் பூக்கட்டிப் பாரும்,” என்றார். “முதல் தரம் சரிவராட்டி மூண்டு தரம் கேளும்.”

மாமாவை யாரும் ‘நீங்கள்’ என்னாமல் ‘நீர்’ போட்டுப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. பூக்கட்டிய கதை ஊர் முழுவதும் போயிருந்ததும் அப்போதுதான் அவருக்குத் தெரியவந்தது. மகன் மறுபக்கம் திரும்பிச் சிரித்தான்.

ரீச்சர் என்னைப் பார்த்தார். “நீ விட்ட இடம் ஞாபகம் இருக்கோ?”

“நடுவிலை ஒரு வரி வருகுதில்லை, ரீச்சர்,” என்றேன்.

அவர் அடுத்த உடுப்பைத் தோய்க்க எடுத்தார். அம்மாதான் பேசினார்.

“அண்ணை, அடுத்த தவணைக்கு இவள் பட்டணத்துக்கு வரமாட்டாள்.”

“என்ன கதைக்கிறாய்? அம்மன் சொன்னதை மீறப் போறியோ?”

“அம்மன் ரெண்டு தரம் சொன்னவ. நான்தான் கேக்கேல்லை.”

தமையனுக்கு அம்மா மறுத்துச் சொன்னதையும் அதற்கு முன் நான் கேட்டதில்லை.

என்னைத் திரும்பச் சேர்க்க ஊர் அதிபர் லேசில் சம்மதிக்கவில்லை. பட்டணத்துக்குப் போன பிள்ளை திரும்பி வந்தால் பள்ளிக்கூடத்துக்கு அவமானம் என்று பயந்தார். தன் பள்ளிக்கூடத்தைத் தேடி ஒரு பிள்ளை வந்ததை அவமானமாக எடுத்துக்கொள்ளும் அதிபரை நான் பிறகு எந்த நாட்டிலும் காணவில்லை. அம்மா அவர் மேசைக்கு முன்னால் எழும்பாமல் இருந்தார். வைகாசியில் நான் நங்கூரச் சத்தத்துக்கு ஓடினேன். அந்த நடு வரியை ரீச்சர் சொல்லித் தரவில்லை. கேள்விக்குறியை மட்டும் போட்டார்.

நான் சாதாரண தரப் பரீட்சை எழுதும்வரை அவர் அங்கே இருந்தார். பிறகு அவரும் வெளிநாடு போனார். உயர்தரத்துக்கு வேறொரு பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கும் முன், அம்மா நேரே போய், கணக்குப் படிப்பிப்பவரை வகுப்பில் கண்ணால் கண்டுவிட்டு வந்தார். பியானோ இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. 1991இல் எல்லோரும் தீவை விட்டு ஓடினோம். தகரமும் நங்கூரமும் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது.

எனக்குக் கலியாணம் பேசிய காலத்தில், மாப்பிள்ளை வீட்டாரிடம் மாமா சொன்னது: பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்திலை படிச்ச பிள்ளை. ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நீங்களும் அதையே செய்யப் பார்க்கிறீர்கள். ஆகவே அந்த அடிக்குறிப்பை எடுத்துவிடுங்கள். அல்லது சரியாகப் போடுங்கள்: ‘எமது பாடசாலையில் ஒரு தவணை வாயில் விரல் வைத்து இருந்தவர்.’

தலைப்புக்கு மறுமொழி சொல்லாமல் முடிக்கக்கூடாது. அப்பா இறப்பதற்கு முந்தின வருடம், நான் அவரிடம் ஒன்று கேட்டேன். கணக்குக்கு யார் இருக்கிறார்கள் என்று அன்றைக்கு நீங்கள் மட்டும்தானே கேட்டீர்கள், மாமா மறுமொழி சொல்லாதபோது ஏன் விட்டீர்கள் என்று. 

“கடை எரிஞ்ச ஆள், பிள்ளை. பெண்சாதியின்ரை வீட்டிலை இருந்துகொண்டு எத்தினை தரம் கேக்கிறது?” என்றார்.

மாமா அம்மனிடம் மூன்று தரம் கேட்டார். அப்பா மாமாவிடம் ஒரு தரம்தான் கேட்டார்.